பன்னிரண்டு தடவை காட்டிய தண்ணி

ஆட்டுக்கு வலி எடுத்தபோது தையல்காரம்மா பதினேழாவது சீருடைக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் இருபத்துநான்கு. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது, அன்று வியாழன். வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, இந்த மகாராணிக்கு இந்த வியாழக்கிழமைதான் கிடைத்ததா என்று அவள் வாய்விட்டே கேட்டாள். கேட்டது சுவரிடம். வீட்டில் இருந்த இன்னொரு ஆள், அவள் கணவர், பின்முற்றத்தில் ஆட்டுக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, "ஏம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்" என்று நாலாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாலு தடவையும் அதே வாக்கியம், அதே குரல். அவசரம் என்றால் மனிதர் கொஞ்சம் கத்தித் தொலைக்க வேண்டாமா? கடைக்கு எதையோ வாங்கி வரச் சொல்வதுபோல் கூப்பிட்டால் யார் எழுந்து வருவார்கள்? ஐந்தாவது குரலுக்கு அவள் இயந்திரத்திலிருந்து காலை எடுத்தாள்.

கொட்டகையில் ஆடு ஒருக்களித்துக் கிடந்தது. பின்னால் ஒரு குளம்பு மட்டும் வெளியே தெரிந்தது. தலையைக் காணோம். தையல்காரம்மா மாடுகள் இருந்த வீட்டில் பிறந்தவள். ஒற்றைக் குளம்பு என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

"பத்து முப்பத்தஞ்சுல இருந்து."

"இப்ப மணி என்ன?"

"பன்னெண்டு அஞ்சு."

"ஒன்றரை மணி நேரமா இதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க."

"நீ சீருடையில இருந்த. தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்த்தேன்."

அவருக்குத் தெருவில் புரூஃப் சார் என்று பெயர். அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவர். நிமிஷம் பிசகாமல் மணி சொல்வார், எழுத்து பிசகாமல் படிப்பார். அந்த நிமிஷத்தையும் எழுத்தையும் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடாது. அதற்குத்தான் தன்னைக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்பது தையல்காரம்மாவின் பல வருஷத்து முடிவு.

கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால், அவள் ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு பண்ணையில் பாதி வேலையில் இருந்தாள். வந்து சேர மூன்று மணி நேரமாவது ஆகும், அதுவரை குட்டி தாங்காது, நான் சொல்லச் சொல்ல நீங்களே செய்யுங்கள் என்றாள். புரூஃப் சார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தையல்காரம்மா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, எண்ணெய் தடவிக்கொண்டு மண்டி போட்டாள்.

"கையை உள்ள விட்டுப் பாருங்க. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு சொல்லுங்க," என்றாள் டாக்டரம்மா.

"கையை விட்டா பார்க்க முடியாதுங்களே. தொட்டுத்தான் சொல்ல முடியும்," என்றார் புரூஃப் சார்.

"நீங்க வாயை மூடிக்கிட்டு போனைப் பிடிங்க," என்றாள் தையல்காரம்மா.

அவள் விரல்கள் மெலிந்தவை, நீளமானவை. இருபத்தெட்டு வருஷமாகக் கழுத்துப்பட்டியையும் நாடாவையும் உள்புறம் வெளியே தைத்து, சின்ன இடைவெளியில் விரலை விட்டு, முனையைத் தேடிப் பிடித்துத் திருப்பி எடுத்தவை. அதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது. விரல் நுனிக்கே தெரிய வேண்டும். இங்கேயும் அப்படித்தான் இருந்தது. ஒரு கால் வெளியே, ஒரு கால் மடங்கி உள்ளே, தலை பின்னால் விலாப்பக்கம் திரும்பிக் கிடந்தது. ஆடு முக்குவதை நிறுத்தும்போது குட்டியைப் பின்னுக்குத் தள்ளு, தாடையைப் பிடித்துத் தலையை முன்னுக்குக் கொண்டு வா, மறுபடி முக்கும்போது கீழ்நோக்கி இழு என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஆடு கத்திய கத்தலில் பக்கத்துத் தெருவில் ஜன்னல்கள் திறந்தன.

முதல் குட்டி வந்தபோது அதில் உயிர் இல்லை. மூக்கைத் துடைத்து, வாயில் விரலை விட்டு வழித்து, தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. நல்ல வளர்த்தியான குட்டி. அரை மணி நேரம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்று நாக்கின் நுனி வரை வந்ததை அவள் விழுங்கினாள். அவளுக்கு அழுகை வந்தது, அதற்கும் நேரம் இல்லை, இரண்டாவது குட்டி தானாகவே வழுக்கிக்கொண்டு வந்து சாக்கில் விழுந்தது. அதற்கு மூச்சு இருந்தது. கைக்கு எட்டிய துணியால் தேய்த்து எடுத்தாள். அது தும்மியது. பிறகுதான் கையில் இருப்பது பதினெட்டாவது சீருடையின் முதுகுத் துணி என்று தெரிந்தது. எப்படி அது அவள் தோளோடு வந்தது என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் டாக்டரம்மா வந்தபோது நஞ்சுக்கொடி விழுந்திருந்தது, குட்டி தட்டுத்தடுமாறி நின்றது. ஆடுதான் எழுந்திருக்கவில்லை. முன்னங்காலை ஊன்றும், பின்பக்கம் வராது, சரிந்து விழும். டாக்டரம்மா இரண்டு ஊசி போட்டாள், இடுப்பை அழுத்திப் பார்த்தாள்.

"குட்டி ரொம்ப நேரம் சிக்கிக்கிட்டதுல இடுப்பு நரம்பு அழுந்தியிருக்கு. ரெண்டு மூணு நாள்ல எந்திரிச்சு நிக்கணும். நின்னுட்டா பிழைச்சுக்கும். படுத்தே கிடந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

பிறகு வரிசையாகச் சொன்னாள். அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், சாக்கு ஈரமாகாமல் பாருங்கள், குட்டியை மடியில் சேர்த்துப் பிடியுங்கள், காலையும் மாலையும் நீர்த்த கஞ்சி கொஞ்சம் கொடுங்கள். "ரெண்டு மணிக்கொரு தடவை வெதுவெதுன்னு தண்ணி காட்டுங்க. அதை மட்டும் விட்றாதீங்க."

புரூஃப் சார் ஒரு நோட்டு எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வெதுவெதுப்பு என்றால் எவ்வளவு என்று கேட்டார். உங்கள் கைக்குச் சுடாத அளவு. இரவிலும் இரண்டு மணிக்கொரு தடவையா? வேண்டாம், காலை ஆறிலிருந்து ராத்திரி எட்டு வரை போதும். இடது பக்கம் முதலிலா, வலது பக்கம் முதலிலா? டாக்டரம்மா தையல்காரம்மாவைப் பார்த்தாள். தையல்காரம்மா கூரையைப் பார்த்தாள். இத்தனை சந்தேகம் கேட்ட மனிதர், கேட்க வேண்டிய ஒரு சொல்லைக் கேட்கவில்லை. அது சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

கஞ்சியும் குட்டியும் தன் பொறுப்பு, மற்றதெல்லாம் அவர் பொறுப்பு என்று தையல்காரம்மா பிரித்துவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பினாள். அப்படி அவரை நம்பி விட்டதற்குக் காரணம் இருந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஆலை முதலாளி ஒருவருக்குப் பாராட்டு மலர் அச்சடித்தார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் 'கொடை வள்ளல்' என்று வர வேண்டும். 'குடை வள்ளல்' என்று வந்துவிட்டது. ஒரு கொம்பு, ஒரு கால் வித்தியாசம். ஆயிரம் பிரதி கட்டி விழாப் பந்தலுக்குப் போய், நாற்காலிக்கு ஒன்றாக வைத்த பிறகுதான் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஊரே சிரித்தது. முதலாளிக்குக் குடை என்றே பெயர் நிலைத்துவிட்டது. அச்சகத்தில் புரூஃப் சாரை உட்கார வைத்து, நீங்கள் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அவர் சொன்னால் சொன்னபடி செய்கிறவர் ஆயிற்றே. ஓய்வெடுத்தார். முன்னறையில் ஜன்னலோரம் இருந்த சாய்வு நாற்காலியில் காலையில் சாய்ந்தால் ராத்திரிதான் எழுவார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். மழை பெய்தாலும் குடையைத் தொடமாட்டார். தையல்காரம்மா திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், தையல் இயந்திரத்தை அவர் காதருகில் நகர்த்திப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. எதிரில் ஆள் இல்லாமல் சண்டை போடுவது எவ்வளவு அலுப்பு என்று அந்த மாதங்களில்தான் அவளுக்குத் தெரிந்தது.

அப்போது எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு மகனோடு இருக்கப் போனார். மகன் வீடு நாலாவது மாடி. அவருடைய சினை ஆட்டை மாடிக்கு ஏற்ற முடியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, "சார், நீங்க வச்சுக்கறீங்களா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். புரூஃப் சார் "சரி" என்றார். கட்டிய மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. தையல்காரம்மா அன்று போட்ட சத்தத்தில் இஸ்திரிக்காரர் கயிற்றை விட்டுவிட்டு ஓடியே போனார். ஆனால் மறுநாள் விடிந்ததும் நாற்காலி காலியாக இருந்தது. மனிதர் தழை ஒடிக்கப் போயிருந்தார். அதற்கடுத்த நாளும் போனார். அவள் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை, ஆட்டுக்கு மகாராணி என்று பெயர் வைத்ததோடு சரி.

ஆகவே இந்த ஆடு எழுந்து நின்றாக வேண்டும். இது செத்தால் அவர் அந்த நாற்காலிக்குத் திரும்பிப் போவார், இந்தத் தடவை எழுந்து வரமாட்டார். தையல்காரம்மாவுக்கு இது கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிந்தது. ஆட்டுக்காக அவள் பட்ட பயமெல்லாம் அந்த மனிதருக்காகத்தான். அதை நினைக்க நினைக்க அவளுக்கு இரண்டின் மீதும் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் இயந்திரத்தில் இருந்தாள். சீருடைக்குச் சொன்ன டீச்சர் மூன்று தடவை போன் செய்தாள். இந்த டீச்சர் அந்த வீட்டில் ஒரு சரித்திரப் புள்ளி. கல்யாணமான புதிதில் தையல்காரம்மா தன் அளவு நோட்டில் 'வாயாடி டீச்சர், சட்டை இரண்டு' என்று எழுதி வைத்திருந்தாள். புரூஃப் சார் அதைப் பார்த்துவிட்டு, ஒருவரை அப்படி எழுதுவது முறையல்ல என்று சொல்லி, 'வாயாடி' என்ற சொல்லைச் சிவப்பு மையில் அடித்தார். மறுநாள் டீச்சர் சட்டை வாங்க வந்து ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினாள். அவள் போனதும் புரூஃப் சார் நோட்டைக் கேட்டு வாங்கி, அடித்த சொல்லுக்குக் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தார். இது என்ன என்று அவள் கேட்டாள். "அடிச்சது தப்பு, இருந்தது அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம். அச்சகத்துல இப்படித்தான் போடுவோம்," என்றார். அவர்களுடைய இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவர் ஒரு திருத்தத்தை வாபஸ் வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

பின்முற்றத்தில் ஆடு கத்திக்கொண்டே இருந்தது. இரண்டு மணிக்கொரு தடவை கத்தல் உச்சத்துக்குப் போகும், பிறகு முனகலாக இறங்கும். "ஏங்க, ஏன் அப்படிக் கத்துது?" என்று இயந்திரத்தில் இருந்தபடியே கேட்டாள். "வலி போல," என்று பதில் வந்தது. பக்கம் மாற்றிப் போட்டீர்களா? போட்டேன். சாக்கு மாற்றினீர்களா? மாற்றினேன். தண்ணி காட்டினீர்களா? காட்டினேன். எல்லாவற்றையும் நோட்டில் மணியோடு எழுதி வைத்திருந்தார். இதைவிட ஒரு மனிதனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

ஆனால் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினால் ஆடு அவள் விரலோடு சேர்த்து விழுங்கப் பார்த்தது. மாலையில் குட்டியை மடியில் சேர்த்தபோது நேற்று இருந்த சீம்பாலில் பாதி கூட இல்லை. குட்டி சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அவளை முட்டியது. "என்னை ஏன்டா முட்டுற, உங்க அம்மாவைக் கேளு," என்று அதனிடமும் எரிந்து விழுந்தாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு டாக்டரம்மா போன் செய்தாள். ஆடு தலையை வயிற்றோடு சுருட்டி வைத்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விடச் சொன்னாள் டாக்டரம்மா. தையல்காரம்மா கிள்ளி விட்டாள். கிள்ளிய மடிப்பு கிள்ளியபடியே நின்றது.

"அப்படின்னா உடம்புல தண்ணியே இல்ல. தண்ணி குடிக்குதா இல்லையா?"

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டுத் தையல்காரம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். புரூஃப் சார் வாளியோடு கொட்டகை வாசலில் நின்றிருந்தார். வெதுவெதுப்பான தண்ணீர், சுத்தமான வாளி.

"தண்ணி காட்டுனீங்களா?"

"காட்டினேன். எட்டு மணிக்குக் கூட. மொத்தம் பன்னெண்டு தடவை."

"எவ்வளவு குடிச்சுது?"

"குடிக்கவா?" என்றார் புரூஃப் சார்.

தையல்காரம்மா வாளியை எட்டிப் பார்த்தாள், விளிம்பு வரை நிறைந்திருந்தது.

"குடிக்கக் குடுக்கலையா?"

"காட்டத்தானே சொன்னாங்க. எட்டி இருந்து காட்டினா, தண்ணிக்காக எந்திரிச்சு வரும்னு. படுத்த இடத்துலேயே குடுத்துட்டா அப்புறம் எதுக்கு எந்திரிக்கும்? அதனாலதான் நாலடி தள்ளி நின்னு, நல்லாப் பார்க்கிற மாதிரி காட்டிட்டு, எடுத்துட்டு வந்துடுவேன். குடிக்கத்தான் நீ கஞ்சி குடுக்கிறியே."

மாடு கட்டிய வீட்டில் பிறந்தவர்களுக்குக் காட்டு என்றால் கொடு. மாட்டுக்குத் தண்ணி காட்டு என்று சொன்னால் வாளியை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டு வருகிறவன் உலகத்தில் இருக்கமாட்டான் என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். இவர் அச்சகத்துக்கு மேல் மாடியில் பிறந்து, அச்சகத்துக்குள்ளேயே வளர்ந்தவர். எழுதியிருப்பதுதான் அவருக்கு அர்த்தம். ஒருவனை ஏய்த்து அலைய விடுவதற்கும் தண்ணி காட்டுவது என்றுதான் பெயர். அந்தப் பொருளில் பார்த்தால் மனிதர் பன்னிரண்டு தடவையும் பிழையில்லாமல் செய்திருந்தார்.

தையல்காரம்மாவுக்கு உச்சந்தலை வரை ஏறியது. இருபத்தேழு வருஷத்தில் சேர்த்து வைத்த வசவெல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தது. வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஆட்டைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். விழாப் பந்தலிலிருந்து அந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாரே, அதே முகம்.

அவள் போனிலிருந்து கையை எடுத்தாள்.

"தண்ணி வைக்க நான்தான் மறந்துட்டேன் டாக்டரம்மா. தையல் வேலையில அப்படியே விட்டுட்டேன்."

அந்தப் பக்கம் டாக்டரம்மா போட்ட சத்தம் பொத்தாத போனிலிருந்து முற்றம் முழுக்கக் கேட்டது. ஒன்றரை நாள். பிரசவித்த ஆடு. உங்களை மாதிரி விவரம் தெரிந்தவர்களே இப்படிச் செய்தால். தையல்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். ஒருவர் திட்ட இவள் கேட்டுக்கொண்டிருப்பது அந்த வீட்டுச் சுவர்களுக்கே புதிது. போனை வைத்த பிறகு, "வாளியைக் குடுங்க," என்றாள்.

ஆடு வாளிக்குள் முகத்தை விட்டது. மூச்சு வாங்க எடுத்தது, மறுபடி விட்டது. ஒரே மூச்சில் கொடுத்தால் வயிறு உப்பும் என்று அவள் வாளியைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்தாள். தாடி மயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குடிக்கக் குடுக்கிறதையா காட்டுறதுன்னு சொல்லுவீங்க?" என்று பின்னாலிருந்து மெல்லக் கேட்டார்.

"ஆமா."

"முப்பத்தொரு வருஷத்துல அந்தப் பொருள்ல எனக்கு ஒரு பக்கம் கூட வந்ததில்லையே." ஆட்டின் தாடியைப் பார்த்துக்கொண்டே, "ஒவ்வொரு தடவையும் கழுத்தை நீட்டிக்கிட்டுக் கெஞ்சிச்சும்மா. எந்திரிக்கத்தான் பார்க்குதுன்னு நினைச்சேன்," என்றார்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பதில் சொன்னால் இரண்டு பேரும் அழ வேண்டியிருக்கும், இன்னும் நாலு சீருடை பாக்கி இருந்தது.

மத்தியானம் அவள் உள்ளே வந்தபோது புரூஃப் சார் சாய்வு நாற்காலியில் இருந்தார். கண் திறந்திருந்தது. நோட்டு மடியில் கிடந்தது. "ஆட்டைப் பக்கம் மாத்தணும்," என்றாள். "நீயே மாத்திடும்மா. நான் எதையாவது பண்ணிடுவேன்," என்றார். அவள் தனியாகவே கொட்டகைக்குப் போய் ஆட்டைப் புரட்டிப் போட்டாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினாள். ஏற்றி முடிக்கும் வரை தையல்காரம்மாவை விடாமல் காய்ச்சினாள். நடுவில் புரூஃப் சார் தயங்கித் தயங்கிக் கொட்டகைக்கு வந்து, "டாக்டர், அது வந்து, உண்மையில..." என்று ஆரம்பித்தார். தையல்காரம்மா அவர் காலை ஓங்கி மிதித்தாள். அவர் நிறுத்திக்கொண்டார்.

"தண்ணி போனா மட்டும் போதாது. இதை நிக்க வச்சுப் பழக்கணும்," என்றாள் டாக்டரம்மா. "வயித்துக்கு அடியில கனமான துணி குடுத்து, ரெண்டு பேரா தூக்கிப் பிடிங்க. நாளைக்குள்ள ஊனலேன்னா என்னைக் கூப்பிடாதீங்க."

கனமான துணி. சீருடைத் துணி ஆட்டின் எடைக்குக் கிழியும். சாக்கு வயிற்றை அறுக்கும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தையல்காரம்மா முன்னறையின் நடுவில் நின்று ஒவ்வொரு பொருளாகப் பார்த்தாள். புரூஃப் சார் அப்போதுதான் முகம் கழுவிவிட்டு நாற்காலியை நோக்கி வந்துகொண்டிருந்தார். நல்ல முரட்டுக் கித்தான், இரண்டு முழ அகலம், மாதக் கணக்கில் ஒரு மனிதரைத் தாங்கியும் நூல் விடாதது. அவள் பெரிய கத்திரியை எடுத்து மேல்கட்டையில் ஓர் இழுப்பு, கீழ்கட்டையில் ஓர் இழுப்பு இழுத்தாள். நாற்காலி வெறும் சட்டமாக நின்றது.

"அது என் நாற்காலி," என்றார் அவர்.

"இருந்துச்சு," என்றாள் அவள். "அந்த முனையைப் பிடிங்க."

ஓரங்களை மடித்து இரட்டைத் தையல் போட்டாள். மடி அழுந்தாமல் இருக்கப் பின்பக்கம் வளைத்து வெட்டினாள், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தாள். ஊசி இரண்டு முறிந்தது. ஆட்டுக்கு அளவெடுத்து உடுப்பு தைக்கிற நிலைக்கு வந்தாயிற்று, இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டாள். இந்தத் தடவை சுவரிடம் கேட்கவில்லை, எதிரில் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடமே கேட்டாள்.

ஆளுக்கொரு கைப்பிடியாகத் தூக்கினார்கள். ஆடு பிணம் மாதிரி தொங்கியது. இறக்கினார்கள். இரண்டாவது தடவை முன்னங்காலை ஊன்றியது. மூன்றாவது தடவை அவர் தன் பக்கத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார், ஆடும் அவளும் சேர்ந்து சாக்கில் விழுந்தார்கள். அவள் விழுந்த இடத்திலிருந்தே நன்றாகத் திட்டினாள். வெள்ளிக்கிழமைக்கு, சனிக்கிழமைக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே கைப்பிடியை மறுபடி எடுத்தார். "பேசிக்கிட்டே தூக்கு. உனக்கு ரெண்டும் வரும்," என்றார்.

பத்து மணிவாக்கில், ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, பின்னங்கால் இரண்டும் நடுங்கிக்கொண்டு தரையைத் தொட்டன. அவர்கள் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். ஆடு நின்றது. நின்ற கையோடு நிதானமாக, நிறைய, புரூஃப் சாரின் பாதத்தில் மூத்திரம் பெய்தது. அவர் காலை நகர்த்தவில்லை. உடம்பில் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? குட்டி அடியில் புகுந்து மடியைப் பிடித்துக்கொண்டது. தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வியர்வையைத் துடைக்கிற மாதிரி.

மூன்றரை மணிக்கு வாயாடி டீச்சர் வந்து இருபத்துமூன்று சீருடையை எண்ணி எடுத்துக்கொண்டு, இருபத்துநாலாவது எங்கே என்று கேட்டாள். முதுகுத் துணி குட்டியைத் துடைக்கப் போய்விட்டது என்று தையல்காரம்மா உள்ளதைச் சொன்னாள். டீச்சர் நாற்பது நிமிஷம் பேசிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு டாக்டரம்மாவின் அடுத்த ஊசி என்றைக்கு என்று பார்க்கத் தையல்காரம்மா அந்த நோட்டைத் திறந்தாள். வியாழன் மாலை ஆறு மணியிலிருந்து பன்னிரண்டு வரிகள், குண்டு குண்டான அச்சு எழுத்து. 'தண்ணீர் காட்டினேன்.' ஒவ்வொரு வரியிலும் 'காட்டினேன்' சிவப்பு மையில் அடித்து, மேலே 'கொடுக்கவில்லை' என்று திருத்தியிருந்தது. பன்னிரண்டு தடவையும் திருத்தியிருந்தார், ஒன்றைக் கூட விடவில்லை.

பதின்மூன்றாவது வரி: 'சனி, காலை 8.40. தான்தான் மறந்ததாக டாக்டரிடம் சொன்னாள்.' அதிலும் 'தான்தான் மறந்ததாக' என்பதைச் சிவப்புக் கோடு குறுக்கே அடித்திருந்தது. பிழையை விட்டுவைக்க அவருக்கு மனம் வராது. ஆனால் அடித்த சொற்களுக்குக் கீழே, எழுத்துக்கு ஒன்றாக, சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அந்தப் புள்ளிகளை இரண்டு தடவை பார்த்தாள். பிறகு நோட்டை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தாள். இயந்திரத்தில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எப்போதும்போல் கத்தினாள்.

"என்னங்க, மணி நாலே கால் ஆச்சு. தண்ணி..." என்று சொல்லி நிறுத்தி, "தண்ணி குடுத்தீங்களா?" என்றாள்.

"காட்டிட்டேம்மா," என்று பதில் வந்தது.

அவளுக்குத் திக்கென்றது. கத்திரியைப் போட்டுவிட்டுப் பின்முற்றத்துக்கு ஓடினாள். ஆடு நின்றுகொண்டிருந்தது. தாடி நனைந்திருந்தது. வாளியில் ஒரு சொட்டு இல்லை. புரூஃப் சார் கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்து அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன், அப்படித்தானே சொல்லணும்?" என்றார்.